செத்ததைச் சந்தேகித்தேன், பிறந்தது மாட்டியது

தரவு மாறினால் திரையில் உள்ள எல்லா ஆப்ஜெக்ட்டுக்கும் சொல்ல வேண்டும். ஆனால் அவற்றை என் நிரல் (கோட்) சாகவிடாமல் நினைவகத்தில் பிடித்து வைத்திருக்கக் கூடாது. அதனால்தான் பைதான் மொழியின் வீக்செட்டை (WeakSet) எடுத்தேன்: உள்ளே இருப்பவற்றைச் சாகாமல் தடுக்காத ஒரு தொகுப்பு அது. மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய பிறகு, ஒரு நாள் ரன்டைம் எரர்: லூப் ஓடும்போது செட்டின் அளவு மாறிவிட்டதாம். மறுபடி ஓட்டினால் வராது.

முதல் சந்தேகம், பயன்படாத ஆப்ஜெக்ட்டுகளை நினைவகத்திலிருந்து அகற்றும் கார்பேஜ் கலெக்டர் மேல். செட்டில் இருப்பது ஆப்ஜெக்ட்டைப் பிடித்து வைக்காத வீக் ரெஃபரன்ஸ்தானே, நடு லூப்பில் ஏதோ ஒன்று செத்துச் செட் சுருங்கியிருக்கும் என்று நினைத்தேன். கலெக்டரை நிறுத்துவதும் ஓட விடுவதுமாக இரண்டு நாள் போனது. அப்புறம்தான் புத்தி வந்து பத்து வரியில் ஒரு சோதனை எழுதினேன். லூப்புக்கு நடுவே வேண்டுமென்றே ஒரு ஆப்ஜெக்ட்டை அழித்து, கலெக்டரையும் கூப்பிட்டேன். எரர் வரவே இல்லை.

நான் பயன்படுத்துவது பைதான் 3.10. அதன் வீக்செட் கோடைத் திறந்து பார்த்தேன். யாராவது லூப் ஓட்டிக்கொண்டிருந்தால் செத்த ரெஃபரன்ஸை உடனே எடுக்காமல் தனி லிஸ்ட்டில் ஒதுக்கி வைத்து, பிறகுதான் நீக்குகிறது. சேர்ப்பதற்கு அப்படி எந்தக் காவலும் இல்லை. சோதனையில் அழிப்பதற்குப் பதில் ஒன்றைச் சேர்த்தேன்; அடுத்த சுற்றிலேயே எரர்.

அதன் பிறகு ஆளைப் பிடிப்பது சுலபம். தகவல் கேட்ட ஒரு ஆப்ஜெக்ட், புது வகைத் தரவைப் பார்த்தால் தனக்கொரு குட்டியை உருவாக்கும். அந்தக் குட்டி பிறக்கும்போதே அதே செட்டில் தன்னைச் சேர்த்துக்கொள்ளும். எழுதியவன் நானேதான். இன்னொரு வேடிக்கையும் உண்டு: புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது, ஒதுக்கி வைத்த செத்தவையும் அப்போதே நீக்கப்படுகின்றன. ஒன்று போய் ஒன்று வந்தால் அளவு அதேதான். பைதான் பார்ப்பதோ அளவை மட்டும். அப்படி எத்தனை முறை சத்தமில்லாமல் தப்பியதோ!

சரி, செட்டை முதலில் லிஸ்ட்டாக மாற்றி அதன் மேல் லூப் ஓட்டினேன். ஒரு வாரம் நிம்மதி. அப்புறம் அந்த லிஸ்ட் வரியிலேயே அதே எரர்! வீக்செட்டின் சுற்று பைதான் கோடில் நடக்கிறது. நடுவே, அதே நிரலில் இணையாக ஓடும் வேறொரு த்ரெட் புகுந்து சேர்த்துவிடலாம். வீக்செட்டை நகலெடுக்கும் காப்பி மெத்தடும் உள்ளே அதே சுற்றைத்தான் ஓட்டுகிறது, அதனால் அதுவும் கைகொடுக்காது.

இப்போது சேர்க்கும் இடத்திலும் லிஸ்ட் எடுக்கும் இடத்திலும் ஒரே த்ரெட் லாக், அதாவது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு. தகவல் சொல்வது மட்டும் லாக்கை விட்ட பிறகு. லாக்குக்குள்ளேயே சொன்னால், பிறக்கும் குட்டி அதே லாக்குக்காகக் காத்து எல்லாம் உறைந்துவிடும்.

லிஸ்ட்டில் இருப்பவை ஆப்ஜெக்ட்டைச் சாகவிடாத வலுவான ரெஃபரன்ஸ்கள் என்பதால், மூடப்பட்ட திரைக்கும் சில சமயம் தகவல் போனது. மூடியாயிற்றா என்று ஒரு சோதனை சேர்த்தேன். லூப் முடிந்தும் ஆப்ஜெக்ட்டுகள் சாகாமல் இருந்ததற்குக் காரணம் அந்த லிஸ்ட்தான்; கடைசி ஆப்ஜெக்ட்டை லூப்பின் மாறியும் (variable) பிடித்திருந்தது. முடிவே இல்லாமல் ஓடும் ஃபங்ஷன் அது, அதனால் இரண்டும் தானாக மறையாது. இப்போது ஒவ்வொரு முறையும் இரண்டையும் டெல் (del) கொண்டு நீக்கிவிடுகிறேன்.