சென்ட் காலன் மூலிகைத் தோட்டமும் யாழ்ப்பாணத்து மண்ணும்

சுவிசில் சொந்தக்காரர் இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் குறைவு. ஆனாலும் அங்கே சென்ட் காலன் மட நூலகத்தில் இருக்கும் ஒரு தோல் வரைபடத்தைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. கி.பி. 820களில் ரைக்கனவ் தீவு மடத்தில் வரைந்தது; ஐந்து தோல்களைச் சேர்த்துத் தைத்தது. ஒரு மடத்தில் கோயில் எங்கே, சமையற்கட்டு எங்கே, கோழிக்கூடு எங்கே என்று எல்லாம் குறித்திருக்கிறார்கள். அந்தப் படத்தின்படி அங்கே மடம் எழும்பவில்லை. 12ஆம் நூற்றாண்டில் ஒரு துறவி தோலின் வெறும் பின்பக்கத்தில் புனித மார்ட்டினின் வரலாற்றை எழுதி மடித்து வைத்தார். அதனால்தான் தோல் தப்பியது.

அதில் வைத்தியர் வீட்டை ஒட்டி மூலிகைத் தோட்டம். பதினாறு பாத்தி, சுவரோரம் எட்டு, நடுவில் எட்டு, பாத்திக்கு ஒரு பயிர். வெந்தயம், நற்சீரகம், பெருஞ்சீரகம், புதினா, அருவதா, ரோசா, லில்லி, றோஸ்மேரி, சேஜ் என்று பெயர்கள் போகின்றன. அவரை இனம் ஒன்றும் உண்டு. அமெரிக்கப் பீன்ஸ் அப்போது ஐரோப்பாவுக்கு வந்திருக்கவில்லை, ஆகவே அது கௌபி இனமாகத்தான் இருக்கவேண்டும் என்பது பொதுவான கருத்து. நமது பயிற்றங்காயும் அதே இனம்தான். ஆக, பதினாறில் ஐந்து நம் சமையலறையிலேயே இருக்கிறது. அப்படியானால் இந்தத் தோட்டத்தை இங்கேயும் அமைக்கலாம்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இப்படியான மடத்துத் தோட்டங்களைத் திரும்ப அமைத்து வைத்திருக்கிறார்கள். நியூயோர்க் நகருக்குள் இருக்கும் குளோய்ஸ்ரர்ஸ் அருங்காட்சியகத்தின் தோட்டம் இதில் பெயர் பெற்றது. போகிறவர்கள் ஜூன், ஜூலையில் போகவேண்டும். அங்கத்தைய குளிர்காலத்தில் பெரும்பாலும் வெறும் மண்தான். பூவைப் படம் பிடிப்பதோடு பாத்தியின் விளிம்பு எதனால் கட்டியிருக்கிறது, புதினா பரவாமல் எப்படி அடக்கியிருக்கிறார்கள், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதையும் பார்த்து வாருங்கள்.

ஆனால் பார்த்ததை அப்படியே இங்கே நட்டால் பாதி செத்துவிடும். அங்கே பாத்தியை உயர்த்துவது குளிர்ந்த ஈரமண் சீக்கிரம் சூடாகவும் நீர் வடியவும்தான். இங்கே அந்த உயரம் மாரிக்கு மட்டும் நல்லது. ஐப்பசி முதல் மார்கழி வரை ஆண்டு மழையின் பெரும்பங்கு கொட்டும்போது உயர்ந்த பாத்தி வேரைக் காப்பாற்றும். பங்குனி பிறந்தால் அதே பாத்தி இரண்டே நாளில் காய்ந்துவிடும். எனவே ஆறு அங்குலத்துக்கு மேல் உயர்த்தாதீர்கள். கோடையில் ஓரத்தில் இரண்டு அங்குல வரப்புக் கட்டி, நடுவைப் பள்ளமாக்கி, மேலே காய்ந்த இலைச்சருகு போடுங்கள்.

அளவு இப்படி வரும். நடுவில் 6 அடி நீளம், 4 அடி அகலத்தில் எட்டுப் பாத்தி, இரண்டு வரிசையாக. நாலடி என்றால் இரு பக்கமிருந்தும் மிதிக்காமல் கை எட்டும். நடைபாதை வரிசைகளுக்கு நடுவிலும் சுற்றிலும் 3 அடி, பாத்திக்கும் பாத்திக்கும் இடையில் 2 அடி. சுற்றியுள்ள பாத்திகள் 2 அடி அகலம். மொத்தம் 25க்கு 32 அடி. ஒரு பரப்புக் காணியில் மூன்றிலொன்றுகூட வராது. ஒரு பள்ளிக்கூட வளவிலோ கோயில் வளவிலோ தாராளமாக அடங்கும்.

ஒரு நடுப்பாத்தியை ஆறு அங்குலம் உயர்த்த 12 கன அடி மண் வேண்டும்: செம்பாட்டு மண் ஆறு பங்கு, மணல் மூன்று, நன்றாக மக்கிய மாட்டெரு மூன்று. கடற்கரை மணலென்றால் ஒரு மாரி மழையில் கழுவுப்பட விட்டு எடுங்கள். உப்போடு போட்டால் வெந்தயம் முளையிலேயே கருகும். றோஸ்மேரி, சேஜ், அருவதா மூன்றுக்கும் எரு வேண்டாம். அவை சுண்ணாம்பு மண்ணுக்கே பிறந்தவை. எருவுக்குப் பதிலாக உடைத்த சுண்ணாம்புக்கல்லைக் கலந்தால் போதும்.

ரோசாதான் இந்த மண்ணோடு சண்டை பிடிக்கும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறதா? அது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும். சுண்ணாம்பின் காரத்தன்மையால் வேர் எடுக்கமுடியாது, நமது கடின கிணற்று நீர் அதை இன்னும் கூட்டும். யூரியா போட்டால் இது மாறாது. கடையில் இரும்பு மருந்து வாங்கும்போது உறையைப் பாருங்கள்: ஈடிடிஏ (EDTA) என்று இருந்தால் இந்த மண்ணில் சீக்கிரம் பயனற்றுப் போகும், ஈடிடிஎச்ஏ (EDDHA) வகைதான் நிற்கும். அந்த வம்பே வேண்டாம் என்றால் பெரிய சாடியில் எருக்கலவை போட்டு மழைநீர் ஊற்றி வளர்க்கலாம்.

றோஸ்மேரியைக் கொல்வது வெயிலல்ல, கார்த்திகை மழை. வேர் அழுகியபின் இலை காய்வதால், தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள். 12 அங்குல மண்சாடியில் வைத்து, மழை தொடங்கியதும் தாழ்வாரத்துக்கு நகர்த்துங்கள். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர். தை, மாசியில் 4 அங்குலத் தண்டு வெட்டி, கீழிலைகளை உருவி மணலில் ஊன்றினால் நாலு முதல் ஆறு கிழமையில் வேர் விடும்.

புதினா நேர் எதிர். ஈரமும் அரை நிழலும் கேட்கும், விட்டால் பக்கத்துப் பாத்தியையும் விழுங்கும். அடி வெட்டிய பிளாஸ்ரிக் வாளியைப் புதைத்து, விளிம்பு இரண்டு அங்குலம் வெளியே நிற்க அதற்குள் நடுங்கள். வெந்தயத்தை ஓர் இரவு ஊறவைத்து, மழை ஓய்ந்ததும் தையில் விதையுங்கள். ஒரு மாதத்தில் கீரை. பெருஞ்சீரகமும் அப்போதுதான், ஆனால் ஐந்தடி வரை எழும். மார்கழி, தையில் வெயில் தெற்கே சாய்ந்து வருவதால் அதையும் பயிற்றங்கொடியையும் வடக்குப் பாத்தியில் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் மற்றவை நிழலில் வாடும். பயிற்றையின் குருத்தில் அழுக்கணவன் ஏறினால் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். நற்சீரகம் காட்சிக்குத்தான், நம் ஈரக்காற்றில் அறுவடையை எதிர்பார்க்க வேண்டாம்.

வேலியில் தென்மேற்குப் பக்கம் முக்கியம். சோளகம் வைகாசியில் எழும்பினால் இலை ஓரம் கருகும், கரையோரம் என்றால் உப்பும் சேரும். அந்தப் பக்கம் கிடுகு வேலி. மற்றப் பக்கங்களுக்கு ஆடு நுழையாத கதியால் வேலி போதும்.

வராததற்கு எதை வைப்பது என்பதில்தான் சுவை இருக்கிறது. வெள்ளை லில்லி குளிர் இல்லாமல் பூக்காது. அந்த இடத்துக்குக் கார்த்திகைப்பூ என்று பலருக்குத் தோன்றும். கிழங்கிலிருந்து விதை வரை கொல்சிசின் நஞ்சு, பிள்ளைகள் வரும் இடத்தில் வேண்டவே வேண்டாம். சேவரி என்ற வாசனைச் செடிக்குக் கற்பூரவள்ளி சரியான மாற்று. இரண்டின் காரமும் கார்வக்ரோல் என்ற ஒரே எண்ணெய்ப் பொருள்தான். ஐரிஸ் இருந்த இடத்துக்கு வாள்போன்ற இலையுடைய வசம்பு, அதுவும் கிணற்றடித் தண்ணீர் ஓடும் மூலையில். பெனிரோயல் என்ற புதினா இனம் ஈரலைக் கெடுக்கும், கிடைத்தாலும் தேடாதீர்கள். மிஞ்சும் பாத்திகளுக்கு இலைக்கஞ்சிக்கான முல்லை, முசுட்டை, தூதுவளை, வல்லாரை. இது அந்த வரைபடத்துக்குத் துரோகம் என்று எனக்குத் தோன்றவில்லை. மடத்து வைத்தியரும் கைக்கெட்டும் மருந்தைத்தான் நட்டார். 1928இல் தொடங்கிய நம் தோலகட்டிக் கத்தோலிக்க ஆச்சிரமத் துறவிகளும் நெல்லி ரசத்தால் அல்லவா பெயர் எடுத்தார்கள்!

அருவதாவை வெட்டும்போது கையுறை போடவேண்டும். சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் போடும். கர்ப்பிணிகள் அதை உண்ணக்கூடாது. பெயர்த்தகட்டில் பெயரோடு பயன்படும் பாகத்தையும் எழுதி, அருவதாவுக்கும் வசம்புக்கும் சிவப்புப் புள்ளி வையுங்கள். மார்க்கர் பேனா எழுத்து வெயிலில் வெளிறிவிடும். அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறி எழுதினால் போகாது.