உள்ளதான் சார் இருக்கு

அந்தப் போன் பேச்சு மொத்தம் ஒரு நிமிடம்கூட இருக்காது. "தம்பி, டியூட்டி நேரக் கணக்கு எப்படி இருக்கு?" என்றார் எங்கள் விமானத்தின் கேப்டன். "உள்ளதான் சார் இருக்கு, பதினாறரை மணி நேரம் வரைக்கும் போகலாம்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ரூம் ஒரு மணிக்குத்தான் குடுத்தான், தெரியும்ல?" "தெரியும் சார்." "சரி, அப்ப நீ சொல்றதுதான்." வைத்துவிட்டார்.

இத்தனைக்கும் அன்று நான் லீவு. லீவு என்றால் பாம்பனில் எங்கள் வீட்டுத் திண்ணையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பது. நாலு விமானம்கூட இல்லாத கம்பெனியில் டிஸ்பாட்சர் இரண்டே பேர், இன்னொருவர் முந்தின ராத்திரி முழுக்க முழித்தவர். பிளைட் பிளான் போடுவது, விமானத் தகவல் மையத்தின் எஃப்ஐசி நம்பர், வான் பாதுகாப்பு அனுமதிக்கான ஏடிசி நம்பர் வாங்குவது, நோட்டாம் என்கிற விமானிகளுக்கான அறிவிப்புகள், வானிலை, எடைக்கணக்கு, எரிபொருள் எல்லாம் வெளியே சொல்லிக்கொள்ளும் வேலை. ஓட்டல், கார், பாட்டியம்மாவுக்குச் சர்க்கரை போடாத காபி எல்லாம் சொல்லிக்கொள்ளாத வேலை. அன்று அதோடு, "நீ அந்த ஊர்க்காரன்தானே" என்று முதலாளி சொல்லிவிட்டதால், திதி கொடுக்கப் புரோகிதர் பிடிப்பதும் என் தலையில்.

ஹைதராபாத்திலிருந்து மதுரைக்கு வந்து, அங்கிருந்து காரில் ராமேஸ்வரம், அன்று ராத்திரியே திரும்புவது என்று திட்டம். (பயணியின் உதவியாளர் மூன்று தடவை கேட்டார், மேப்பில் உச்சிப்புளி பக்கத்தில் ரன்வே தெரிகிறதே, அங்கேயே இறங்கினால் என்ன என்று. அது கடற்படையின் பருந்து தளம், 2009 முதல் அந்தப் பெயரில் இருக்கிறது, நம் இஷ்டத்துக்கு இறங்க முடியாது என்று மூன்று தடவையும் சொன்னேன்.) விமானிகள் டியூட்டிக்கு வந்தது காலை 7:30. மதுரையில் இறங்கி, அவர்கள் ஏர்போர்ட்டை விட்டுக் கிளம்பியது 10:30. பயணிகள் கோயில் வாசலுக்கு வரும்போது மணி ஒன்று, நடை சாத்தியாகிவிட்டது. மூன்று மணிக்குத் திறந்து, இருபத்திரண்டு தீர்த்தமும் குளித்து, உடை மாற்றிச் சாமி பார்த்து, வண்டி கிளம்பும்போது ஐந்து.

அப்புறம் பாலம். மே மாதம், சாயங்காலம். ரயில் பாலத்தைப் போட்டோ எடுக்க ஆளாளுக்கு வண்டியை நடுப்பாலத்தில் நிறுத்திவிடுவார்கள். எங்கள் தெருக்கோடியிலிருந்து பார்த்தால் தெரியும். அன்றைக்குச் சிவப்பு விளக்குகள் வரிசையாக, ஒன்றும் நகரவில்லை. அதற்குள் எங்கள் இன்னோவாவும் எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. நான் கரையில் நின்றபடியே போனில் டிலே மெசேஜ் போட்டேன். மறுபடி ஒன்று போட்டேன்.

கணக்கு இதுதான். எங்கள் மேனுவலில் ஒரு நாள் டியூட்டிக்கு வரம்பு 12 மணி நேரம். நடுவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பத்து மணி நேரத்துக்குள் ஓய்வு கிடைத்தால், அதில் பாதியை வரம்போடு கூட்டிக்கொள்ளலாம். காலை 10:30 முதல் விமானிகளை மறுபடி கூப்பிட்ட ராத்திரி 7:30 வரை ஒன்பது மணி நேரம், பாதி நாலரை. ஆக பதினாறரை. ஹைதராபாத்தில் இன்ஜினை அணைக்கும்போது 22:55 ஆகும், அதாவது 15 மணி 25 நிமிடம். தாராளமாக உள்ளே. ஆனால் ஓட்டலில் கல்யாணக் கூட்டம், ரூம் ஒரு மணிக்குத்தான் கிடைத்தது. அதுவரை இரண்டு விமானிகளும் லாபி சோபாவில், நாதஸ்வரத்துக்கு நடுவே. ஓய்வை ஒரு மணியிலிருந்து எண்ணினால் ஆறரை மணி நேரம், பாதி மூன்றேகால், வரம்பு 15 மணி 15 நிமிடம். பத்து நிமிடம் இடிக்கிறது.

பத்து நிமிடத்தில் யாரும் தூங்கி விழுந்துவிடப் போவதில்லை என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான். காலையிலேயே ரூம் வேண்டும் என்றால் முந்தின நாள் வாடகையும் கட்ட வேண்டும் என்று ஓட்டலில் சொன்னார்கள், கட்டலாமா என்று கேட்டேன், முதலாளி வேண்டாம் என்றார். அதுவும் உண்மை. எதிர்பாராத தாமதம் என்று கேப்டனே எழுதிக்கொடுத்து டியூட்டியை நீட்டிக்கவும் வழி இருக்கிறது, அவர் அதைக் கேட்டிருக்கலாம். ஆனால் அதற்கு அறிக்கை போக வேண்டும். கோயில் நடை தினமும் ஒரு மணிக்குச் சாத்துவது எந்த வகையில் எதிர்பாராதது என்று யாராவது கேட்டால்? அந்தக் கேள்வி நேரே என்னிடம்தான் வரும், ஒரு மணிக்கு அங்கே போய்ச் சேரும்படி நேரம் குறித்தவனே நான்தான்.

அமெரிக்காவில் பெரிய விமான நிறுவனங்களில் டிஸ்பாட்சரும் கேப்டனும் சேர்ந்துதான் பொறுப்பு, டிஸ்பாட்சர் வேண்டாம் என்றால் விமானம் கிளம்பாது. சார்ட்டர் விமானங்களுக்கு அங்கேயும் அந்தக் கட்டாயம் கிடையாது. இதைப் படித்ததிலிருந்து ஒரு சமயம் ஆறுதலாக இருக்கிறது, முடிவு அவருடையது, நான் வெறும் கணக்குப்பிள்ளை என்று. ஆனால் அவர் "நீ சொல்றதுதான்" என்றாரே. அது பொறுப்பை என்னிடம் தள்ளியதா, இல்லை, களைப்பாக இருக்கிறது, நீயாவது வேண்டாம் என்று சொல்லேன் என்று கேட்டதா? விமானப்படையில் இருந்து வந்த மனிதர், களைப்பு என்ற வார்த்தையை அவர் வாயால் ஒருநாளும் கேட்டதில்லை. ரூம் பேச்சை அவர் ஏன் எடுக்க வேண்டும்? எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

நான் பேசியதை அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடந்தது, அவர் திண்ணையின் அந்தப் பக்கம் வலை முடிந்துகொண்டிருந்தார். "கடலுக்குப் போகலாம்னு டோக்கன் குடுத்த அன்னைக்கும் நான் போகாம இருந்திருக்கேன்" என்றார், நிமிராமலே. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் இதே அப்பா, டீசல் கடன் கழுத்தை நெரித்த வருஷம், கச்சான் காற்று அடிக்கிற அடியில் மற்றவர்கள் நிறுத்தியும் போனவர். அம்மா விடியவிடியக் கரையில் நின்றாள். அதைச் சொல்லிக்காட்டலாமா என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை.

விமானம் பத்திரமாக இறங்கியது, ஒன்றும் ஆகவில்லை. டியூட்டிப் படிவத்தில் ஓய்வு ஆரம்பம் என்ற கட்டத்தில் 10:30 என்று போட்டேன், கேப்டன் கையெழுத்துப் போட்டார். இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. கேப்டன் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார், பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினார், நானும் அனுப்பினேன்.

ஓட்டல் பில் மறுநாளே மெயிலில் வந்தது. அதில் செக்-இன் 13:04 என்று அச்சாகி இருந்தது. நாலு நிமிடத்தையும் சேர்த்து மறுபடி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பிவைத்தேன்.