அக்கா மகளின் ஏஎஃப்பி: பினாங்கு நாட்குறிப்பு

ஜூன் 2

அக்கா மகளுக்கு 19 வயது. கொஞ்ச நாளாகவே வயிறு உப்பியிருந்தது. பக்கத்து கிளினிக்கில் கேஸ்ட்ரிக் என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தால் வலது சினைப்பையில் 16 சென்டிமீட்டர் கட்டி. ரத்தத்தில் ஏஎஃப்பி என்ற புரதம் 9,800. வழக்கமாக 10-க்குள் இருக்க வேண்டியது. நாளைக்கு ஆபரேஷன்.

வயசுப் பிள்ளை, வெளியில் சொல்லாதே என்கிறாள் அக்கா. அதனால் பெயர் போடாமல், பாப்பா என்றே எழுதுகிறேன். இதே நிலையில் இன்னொரு வீடு தமிழில் தேடினால் ஏதாவது கிடைக்கட்டும்.

ஜூன் 12

பயாப்சி வந்துவிட்டது: யோக் சாக் டியூமர். முட்டையாக வேண்டிய கருவணுக்களில் தொடங்கும் புற்றுநோய்.

டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டினார். கரு உண்டான முதல் வாரங்களில் அதை ஒட்டி யோக் சாக் என்ற ஒரு சின்னப் பை இருக்கும். இந்தக் கட்டி அந்தப் பையின் திசுவைப் போல வளர்கிறது. ஏஎஃப்பி அந்தப் பையும், பிறகு சிசுவின் ஈரலும் சுரக்கும் புரதம். பிறந்த பிறகு அது இறங்கிவிடும். அதனால்தான் 19 வயதுப் பெண்ணின் ரத்தத்தில் அது ஏறியிருப்பதைப் பார்த்ததுமே அவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

பாப்பா ராத்திரியெல்லாம் போனில் "சினைப்பைப் புற்றுநோய்" என்று தேடி, எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்ற கணக்கைப் படித்து அழுதிருக்கிறாள். அந்தக் கணக்கு பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும் வேறு வகைப் புற்றுநோயைப் பற்றியது. இது சிறுமிகளுக்கும் இளம்பெண்களுக்கும் வருவது. படுவேகமாக வளரும், ஆனால் கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படும். பரவிய பிறகும் குணமானவர்கள் நிறைய. பெயரைக் கேட்டதும் கூகுளில் தேடாதீர்கள், எந்த வகை என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஜூன் 16

முதல் சுற்று. ப்ளியோமைசின், எட்டோபொசைட், சிஸ்பிளாட்டின் மூன்றும் சேர்த்து பிஇபி என்கிறார்கள். 21 நாளுக்கு ஒரு சுற்று, மொத்தம் மூன்று. முதல் ஐந்து நாள் வார்டில் இருக்க வேண்டும். ப்ளியோமைசின் மட்டும் வாரம் ஒன்று. அது நுரையீரலைத் தாக்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே ஊதச் சொல்லிச் சோதித்தார்கள்.

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்காமல் இருக்க, அதற்கு முன்னும் பின்னும் பை பையாக உப்புநீர் ஏறுகிறது. ஒவ்வொரு முறையும் சிறுநீரை அளவுக் குவளையில் பிடித்து, மிஸ்ஸி (நர்ஸ்) எழுதிக்கொண்டு போகிறார். காதில் ரீங்காரம் கேட்டால் உடனே சொல்லச் சொன்னார்கள்.

இந்த மருந்துக்குள் இருப்பது பிளாட்டினம். 1965-இல் அமெரிக்க விஞ்ஞானி பார்னெட் ரோசன்பெர்க் பாக்டீரியாவுக்குள் மின்சாரம் செலுத்தியபோது அவை பிரிந்து பெருகாமல் நின்றன. காரணம், பிளாட்டினக் கம்பியிலிருந்து கரைந்த பொருள். 1974-இல் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற அமெரிக்க டாக்டர் சிஸ்பிளாட்டினை விரைப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார். ஆண்களுக்கு வரும் அதுவும் இதே குடும்பம்தான். அங்கே கற்றதுதான் இன்று எங்கள் பிள்ளைக்கு உதவுகிறது. அவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஜூன் 29

ராத்திரி காய்ச்சல், 38.3. பனடோல் கொடுத்துப் பார்ப்போம் என்றாள் அக்கா. நான் விடவில்லை. கீமோ நடக்கும்போது 38 தாண்டினால் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கலாம், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நேராக எமர்ஜென்சி. ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள், இறங்கிவிட்டது.

ஜூலை 7

தலைமுடி கொட்டிவிட்டது. ஏஎஃப்பி 190.

கட்டி போய்விட்டால் ஏஎஃப்பி ஐந்திலிருந்து ஏழு நாளுக்கு ஒரு தடவை பாதியாக வேண்டுமாம். அக்கா சமையலறைக் காலண்டரில் பென்சிலால் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். ஆபரேஷனுக்குப் பிறகு 2,100, இப்போது 190. கணக்கு ஒத்துப்போகிறது.

ஜூலை 28

ஏஎஃப்பி 14. கடைசிச் சுற்று.

பாட்டி டாக்டரிடம் நேராகவே கேட்டுவிட்டார்: "பிள்ளை பெத்துக்க முடியுமா ஐயா?" எடுத்தது வலது சினைப்பையையும் அந்தப் பக்கக் குழாயையும்தான். இடது சினைப்பையும் கருப்பையும் அப்படியே இருக்கின்றன. கீமோவில் மாதவிடாய் நின்றாலும் பெரும்பாலோருக்குத் திரும்பி வரும், பலர் குழந்தை பெற்றிருக்கிறார்கள் என்றார். பாட்டிக்கு அது போதும். பாப்பா அதற்குப் பிறகும் நிறையக் கேட்டாள், அவரும் உட்கார்ந்து பதில் சொன்னார்.

ஆகஸ்ட் 18

ஏஎஃப்பி 4. ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை.

திரும்ப வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் வரும் என்பதால் மாதாமாதம் ரத்தம் எடுப்பார்கள். ப்ளியோமைசின் போட்டதைப் பற்றி ஒரு கடிதமும் கொடுத்திருக்கிறார்கள். இனி எந்த ஆபரேஷன் என்றாலும், பல வருடம் கழித்து என்றாலும், மயக்க மருந்து டாக்டரிடம் அதைக் காட்ட வேண்டும். அதிக ஆக்ஸிஜன் கொடுத்தால் நுரையீரலுக்கு ஆபத்தாகலாம். பாப்பா அதைப் போனில் படம் பிடித்து எங்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். அடுத்த ரத்தப் பரிசோதனை செப்டம்பர் 15.