வடக்கு ஜன்னலும் பனையேறி அண்ணாச்சிகளும்

பாளையங்கோட்டையில் நம் பள்ளியில் படித்தவர்களுக்கு ஓவிய வகுப்பு என்றதும் பூச்சாடியும் வாழைப்பழச் சீப்பும்தான் நினைவுக்கு வரும். சனிக்கிழமைகளில் எங்கள் டிராயிங் சார் பின்கட்டு அறையில், மனிதரை எதிரே அமரவைத்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டக் கற்றுக்கொடுத்ததை அறிந்தவர்கள் சிலரே. அது எழுத்தில் பதிவாக வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

வந்து அமர்ந்தவர்கள் பெரும்பாலும் பனையேறிகள். பதநீர்க் காலத்தில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிராது. மழைக்காலத்தில் தொழில் ஓய்ந்திருக்கும்போது சார் அழைத்துவருவார். ஒரு நாள் கூலியைத் தம் கைக்காசிலிருந்து முதலிலேயே கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி, கால் மரத்துப்போச்சுன்னா சொல்லிருங்க" என்று கேட்டுக்கொண்ட பிறகே முக்காலியை வடக்கு ஜன்னலருகே போடுவார். நேர்வெயில் விழாத அந்த வெளிச்சம் காலை முழுவதும் அதிகம் மாறாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு உண்டு. அமர்ந்திருப்பவர் எழுமுன், திரும்ப அதே இடத்தில் கால் பதிய வேண்டும் என்பதற்காகப் பாதத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடிட்டுக்கொள்வோம்.

பர்ன்ட் அம்பர் என்னும் கரும்பழுப்பு வண்ணத்தை டர்பன்டைன் தைலத்தில் நீர்க்கக் கரைத்து, படம் தீட்டும் கித்தான் துணியில் பூசித் துடைத்து, மங்கிய பழுப்பாக்கிய பிறகே உருவம் தொடங்கும். எண்ணெய் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுவது. அம்பரிலுள்ள மாங்கனீசு அதை விரைவுபடுத்துவதால் அடிப்பூச்சுக்கு அதுவே உகந்தது. மேற்பூச்சுகளில் ஆளிவிதை எண்ணெய் கூடிக்கொண்டே போக வேண்டும். முறை மாறினால் பிற்காலத்தில் படத்தில் வெடிப்பு விழுந்துவிடும்.

ஆனால் சார் அதிகம் பாடுபட்டது கறுத்த மேனியின் நிறத்தை எங்கள் கண்ணுக்குப் புலப்படுத்தத்தான். கடையில் 'ஃபிளெஷ் டின்ட்', அதாவது தோல் நிறம், என்று விற்ற இளஞ்சிவப்புக் குழாயை அறைக்குள்ளேயே விடமாட்டார். மரத்தோடு உராய்ந்து காய்த்துப்போன மார்புக்கு மேலே, தோளெலும்பில் விழுந்த பளபளப்புக்கு யாராவது வெள்ளையைத் தொட்டால், "ஏல, அது வெள்ளையா? நல்லாப் பாரு, வானம்லா விழுந்து கெடக்கு" என்பார். உற்றுப் பார்த்தால் அங்கே நீலம் இருக்கும். வெள்ளை மட்டும் சேர்ந்தால் தோல் சாம்பல் பூத்துவிடும். அதில் அல்ட்ராமரைன் நீலம் ஒரு பொட்டுக் கலந்ததும் வியர்வையின் ஈரம்கூடத் தெரியும். நிழல்பக்கம் கறுப்பே கூடாது. கை இடுக்கிலும் காது மடலின் உள்ளேயும் ஒளிந்திருந்த செம்மைக்குப் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு வேண்டும்.

கோவில்பட்டியில் வாழ்ந்து 1976இல் மறைந்த ஓவியர் கொண்டையராஜுவின் காலண்டர் தெய்வங்கள் எங்கள் வீடுகளிலெல்லாம் தொங்கின. மாசுமருவற்ற அந்த மேனியழகைச் சாரும் பெரிதும் மதித்தார். ஆனால் உடலின் பாரத்தையும் தசையின் இறுக்கத்தையும் காண, திருச்செந்தூர் சாலையிலுள்ள கிருஷ்ணாபுரம் கோயிலுக்கு அழைத்துச் செல்வார். இளவரசியைத் தோளில் தூக்கிச் செல்லும் குறவன் சிலைமுன் நின்று, எந்தக் காலில் பாரம் இறங்குகிறது என்று கேட்பார். உயிருள்ள உடலை நெடுநேரம் பார்த்த சிற்பியாலன்றி அது இயலாது என்பது அவர் துணிபு. என் துணிபும் அதுவே.

நான் இப்போது வாழும் ஊரின் ஓவியக்கூடங்களில், அமர்ந்து கொடுப்பவருக்கு மணிக்கணக்கில் ஊதியம் தருகிறார்கள். நம் பள்ளியில் இன்று படிக்கும் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சனிக்கிழமை வகுப்பு மீண்டும் அமைய, வடக்கு ஜன்னலுள்ள ஓர் அறையையும், வந்து அமர்வோரின் கூலியையும் நம் பழைய மாணவர் சங்கம் ஏற்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் ஆண்டுக்கான கூலியை நான் தருகிறேன்.