கோத்தகிரியில் இரண்டு இரவு, மசினகுடியில் ஓர் இரவு

நீலகிரிக்குக் காரில் போவதென்று முடிவானபோதே, அம்மாவின் முழங்கால் வலியை மனத்தில் வைத்துத் தங்குமிடங்களை முதலில் தேர்ந்துகொண்டு, பார்க்கும் இடங்களை அவற்றையொட்டி அமைத்துக்கொள்வது என்று நானும் மனைவியும் உறுதி செய்திருந்தோம். அதற்குக் காரணம் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதத்தில் நாங்கள் பட்ட பாடு.

அந்தப் பயணத்தில், அவலாஞ்சி செல்லும் வழியில் இருந்த ஒரு விடுதியைப் படத்தை மட்டும் பார்த்துப் பதிவு செய்திருந்தோம். முதன்மைச் சாலையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குள் இரண்டு கிலோமீட்டர் இறங்கிப் பிறகு செங்குத்தாக ஏற வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மழையில் சேறாகிப் போன அந்த ஏற்றத்தில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று, கிளட்ச் கருகும் வாடை வந்துவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, பைகளைத் தலையில் சுமந்துகொண்டு நாங்கள் நடக்க, அம்மா என் தோளைப் பிடித்தபடி அடிக்கு அடி நின்று நின்று ஏறினார். அடுத்த மூன்று நாளும் அறையின் சன்னலில் வழிந்த மழையைத் தவிர வேறெதையும் நாங்கள் பார்க்கவில்லை. ஊர் திரும்பும் வழியில் கோத்தகிரியில் தேநீருக்காக நிறுத்தியபோதுதான் அங்கே வெயில் காய்வதைக் கண்டு வியந்தோம். கடைக்காரர் சொன்னார்: “ஆடி மழையெல்லாம் அந்தப் பக்கந்தாங்க. எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையிலதான் கொட்டும்.”

தங்குமிடத்தைத் திட்டமிட அந்த ஒரு வாக்கியம் எனக்கு இன்றுவரை கைகொடுக்கிறது. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவும் அதையொட்டிய மலைத்தொடரும் மாவட்டத்துக்கு நடுவே சுவராக நிற்பதால், தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைப் பெரும்பாலும் கூடலூர், குந்தா, அவலாஞ்சிப் பகுதிகளிலேயே கொட்டிவிடுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிலைமை தலைகீழாகி, குன்னூரும் கோத்தகிரியும் நனைகின்றன. 2009 நவம்பரில் அந்தப் பகுதிகளில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஆகவே எந்த மாதத்தில் போகிறோம் என்பதைப் பார்த்து எந்தச் சரிவில் தங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். இதைக் கவனிக்காமல் எல்லோரும் ஊட்டியிலேயே அறை தேடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இந்த முறை எங்கள் பயணம் ஆகஸ்ட் மாத விடுமுறையில் அமைந்ததால், முதல் இரண்டு இரவுக்குக் கோத்தகிரியைத் தேர்ந்தோம். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியைவிடத் தாழ்வான ஊர் என்பதால் குளிர் அம்மாவுக்குத் தாங்கும் அளவில் இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டரில் மலையேற்றம் முடிந்துவிடுகிறது. கோடநாடு காட்சிமுனைக்கும் குன்னூருக்கும் அங்கிருந்தே போய்விட்டு மாலைக்குள் அறைக்குத் திரும்பலாம். 1819-இல், அப்போது கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் கட்டிய கண்ணேரிமுக்கு பங்களா கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

அறையைப் பதிவு செய்வதற்கு முன் மூன்று இடங்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். கார் வாசல் வரை வருமா, படி எத்தனை, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் கேட்டேன். முதல் இடத்தில் “எல்லாம் இருக்குங்க” என்றார்கள். அந்தப் பதிலை நான் நம்பவில்லை. மூன்றாவது இடத்தில் பேசிய வீட்டுக்கார அம்மா, “சின்ன வண்டின்னா வரும்ங்க தம்பி. கடைசி வளைவு மட்டும் கொஞ்சம் மோசம், எங்க பையன் வந்து நிப்பான். படி நாலு இருக்கு, புடிச்சுக்கக் கம்பி இருக்கு” என்றார். குறையையும் சேர்த்துச் சொன்னதால் அவர் வீட்டையே உறுதி செய்தேன். சொன்னபடியே அந்த வளைவில் அவர் மகன் காத்திருந்தான். நான் முதல் கியரில் ஏறி, நின்று, மறுபடி திருப்ப வேண்டியிருந்தபோது, வண்டி பின்னால் உருளாமல் இருக்கப் பின்சக்கரத்துக்கு ஒரு கருங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, “இப்ப ஒடிங்கண்ணா” என்று கையைக் காட்டினான். வாசலில் அம்மா இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நான்கு படிகளையும் யார் துணையும் இல்லாமல் ஏறியதைப் பார்த்தபோது என் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

மூன்றாம் இரவுக்கு மசினகுடியைத் தேர்ந்ததில் அதிகக் கவனம் தேவைப்பட்டது. வரைபடத்தில் ஊட்டிக்கும் மசினகுடிக்கும் கல்லட்டி வழியாக முப்பது கிலோமீட்டர்தான் தெரியும்; ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் செங்குத்துச் சாலையில் வெளியூர் வண்டிகள் கீழே இறங்கத் தடை இருப்பதால், கூடலூர், தெப்பக்காடு வழியாக எழுபது கிலோமீட்டருக்கு மேல் சுற்றித்தான் போக வேண்டும். காட்டுச் சாலையில் இருட்டில் ஓட்டக் கூடாது என்று நினைத்து, கோத்தகிரியிலிருந்து காலை எட்டு மணிக்கே கிளம்பிவிட்டோம்.

தூரத்தைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. மசினகுடி அமைந்திருக்கும் சீகூர் பீடபூமியின் யானை வழித்தடத்தில் கட்டப்பட்ட விடுதிகள் பல 2018-இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி மூடி முத்திரையிடப்பட்டன. அந்த வழித்தடத்தைப் பாதுகாக்க வேண்டும் என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. யானை காலங்காலமாக நடந்த தடத்தை மறித்து நிற்கும் கட்டடத்தில் படுத்துறங்க எனக்கு மனம் ஒப்பவில்லை. எனவே தெப்பக்காட்டில் வனத்துறையின் ஓய்வறை கிடைக்குமா என்றுதான் முதலில் பார்த்தேன். அது கிடைக்காததால், ஊருக்குள் உரிமம் பெற்ற ஒரு வீட்டில், உரிமத்தின் நகலை அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகே பணம் கட்டினேன். கேட்டதற்கு அவர்கள் முகம் சுளிக்கவில்லை.

மற்றவை எளிய ஏற்பாடுகள். வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கும் இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டை வீட்டிலிருந்தே கைப்பேசியில் எடுத்துக்கொண்டோம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டோம். கோடை சீசனில் போகிறவர்கள் மட்டும், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் ஒருவழிப் பாதை அறிவிக்கப்படுவதை நினைவில் வைத்து, இறங்கும் வழியில் வருமாறு கோத்தகிரியைக் கடைசி இரவுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

நான்காம் நாள் காலையில் கல்லட்டிச் சாலையில் ஏறினோம். ஏறுவதற்குத் தடை இல்லை. முன்னிருக்கையில் அமர்ந்திருந்த அம்மா, வளைவுகளின் எண் பலகைகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். தலைக்குந்தாவில் இன்ஜின் ஆறக் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு, ஊட்டியில் சாப்பிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிவிட்டோம்.