ஐவிஎஃப் கர்ப்பம், ஃபீட்டல் எக்கோ, அப்புறம் ஒரு ஆபரேஷன்

உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் ஐவிஎஃப் சிகிச்சையில்தான் உண்டாகியிருந்தேன். குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் அனாமலி ஸ்கேனில் எல்லாம் நார்மல் என்றுதான் வந்தது. ஆனாலும் கும்பகோணத்தில் நாங்கள் பார்த்த டாக்டரம்மா, "ஐவிஎஃப் கர்ப்பம், இதயத்துக்குத் தனியா ஒரு ஃபீட்டல் எக்கோ எடுத்துடலாம்மா" என்று தஞ்சாவூருக்கு எழுதிக் கொடுத்தார். அதுவும் வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேன்தான்; நேரம் கொஞ்சம் கூடப் பிடிக்கும். பிள்ளையின் இதயத்தில் கீழறைகளுக்கு நடுவில் பெரிய ஓட்டை, விஎஸ்டி என்றார்கள்.

"ஊசி போட்டு உண்டானா இப்படித்தான்" என்றார் சின்ன மாமியார். எனக்கோ, கருவை உறைய வைத்ததால் வந்ததோ என்று சந்தேகம். குழந்தைகள் இதய டாக்டர் பொறுமையாக விளக்கினார். டென்மார்க், பின்லாந்து, நார்வே, ஸ்வீடனில் பிறந்த 77 லட்சம் குழந்தைகளைப் பற்றி 2024-ல் ஓர் ஆய்வு வந்ததாம். பெரிய இதயக் குறைபாடு, இயல்பாக உண்டான பிள்ளைகளில் 100-க்கு 1.15, இந்தச் சிகிச்சையில் பிறந்தவர்களில் 1.84. கரு உறைய வைத்ததா இல்லையா என்பதால் வித்தியாசமில்லை. இரட்டைப் பிள்ளை என்றால் இன்னும் கூடுதல். "98 பேருக்கு ஒண்ணுமில்லம்மா" என்றார். மீதியில் இருந்தவளுக்கு அது என்ன ஆறுதல்!

ஆனால் முன்கூட்டியே தெரிந்ததில் பெரிய லாபம் இருந்தது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே இவர் விஏஓ-விடம் அலைந்து வருமானச் சான்று வாங்கி, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துவிட்டார்.

பிறந்தபோது பாப்பா நன்றாகத்தான் இருந்தாள். நுரையீரலில் அழுத்தம் குறையக் குறைய ஓட்டை வழியாக அங்கே ரத்தம் கூடுதலாகப் பாயும், அப்போதுதான் தொந்தரவு தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியே ஆனது. நாலு வாய் குடிப்பாள், விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள், நெற்றியெல்லாம் வியர்க்கும். பார்த்தவர்கள் "வெயில் காலம்தானே" என்றார்கள். எடையும் ஏறவில்லை. நீர் பிரிய மருந்து கொடுத்து, பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டி, ஒருவழியாக ஆபரேஷன் வரை கொண்டுபோனோம். சென்னையில் ஒட்டுப் போட்டு ஓட்டையை அடைத்தார்கள். செலவு காப்பீட்டில் போனது.

வீட்டுக்கு வந்தபின் பெரும்பாடு, பார்க்க வருகிறவர்களைச் சமாளிப்பதுதான். நெஞ்செலும்பு கூடும்வரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. கழுத்துக்கும் இடுப்புக்கும் கீழே கை வைத்து அள்ளித்தான் எடுக்க வேண்டும். யார் கேட்கிறார்கள்? கடைசியில் சின்ன மாமியாரே தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லோரையும் அதட்டினார்.

உறைய வைத்த கரு இன்னும் இருக்கிறது. அடுத்ததற்குப் போனால் அதற்கும் எக்கோ எடுக்க வேண்டும் என்று டாக்டர் இப்போதே சொல்லிவிட்டார்.