பாட்டியின் அட்டிகையை நிறுப்பதற்கு முன்னால்

கருமக்கிரியை முடிந்து, பாட்டி காலத்து அட்டிகையைப் பங்கிட அம்மாவின் பீரோவைத் திறக்கும்போது முதலில் தேட வேண்டியது அடகுச் சீட்டு. நகை அப்புறம். மலேசியாவில் உரிமம் உள்ள அடகுக்கடையில் வட்டி மாதம் 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, மீட்கும் தவணை 6 மாதம். 3,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) வைத்திருந்தால் ஆறு மாத வட்டி 360 வெள்ளி. தவணை போனால் ஏலம். "அண்ணிதான் எடுத்திருப்பாங்க" என்று இங்கே முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதே நகை அங்கே கைமாறிவிடும்.

அடுத்தது, தராசுக்கு முன்னால் பேச்சு. ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் தப்பிய நகை என்றால் அதோடு ஒரு கணக்கும் வரும்: தாத்தாவைச் சயாம் மரண ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள், பெரியம்மாவின் தோட்டை விற்றுத்தான் அரிசி வாங்கினார்கள், அதனால் அட்டிகை அந்த வழிக்கே சேரணும். அவரவர் அறிந்ததை ஆளுக்குப் பத்து நிமிடம் போனில் பதிவு செய்யுங்கள். கண்ணால் பார்த்தது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பிரித்துக் கேளுங்கள். "அன்றைக்கே 500 வெள்ளி" என்று தோட்டுக்குச் சொல்லும் தொகையை இன்றைய ரிங்கிட்டாக மாற்ற முயலாதீர்கள். அது வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டு. 1945இல் வெறும் காகிதமாகிவிட்டது. விற்ற தோடு எத்தனை கிராம் இருக்கும் என்று கேட்டால்தான் பேச்சு நகரும்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் இரண்டு கடைகளில் காட்டுங்கள், உடன்பிறந்தவர்கள் எல்லாரும் கூட இருக்கும்போது. சண்டை மூளும் இடம் இதுதான். மொத்த எடை 42 கிராம் என்று வையுங்கள். கெம்புக் கல்லும் உள்ளே அடைத்த அரக்கும் 9 கிராம் போனால் மிச்சம் 33. தங்கத்தின் தூய்மை பார்க்கும் மெஷின் 88 விழுக்காடு காட்டினால் சுத்தத் தங்கம் 29 கிராம்தான். வீட்டில் 42ஐ அப்படியே 916 தங்கம் (22 கேரட், 91.6 விழுக்காடு) என்று பெருக்கி 38 என்று நினைத்திருந்தவர், தன்னை ஏமாற்றுவதாகத்தான் நினைப்பார். பிரிக்காமல் அரக்கின் எடையைச் சரியாகச் சொல்ல எந்தப் பத்தராலும் முடியாது. ஆகவே இரண்டு கடை மதிப்பின் சராசரி என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்ளுங்கள். மெஷின் மேல்பரப்பை மட்டுமே பார்க்கும். முன்பக்கம், பின்பக்கம், கொக்கி, பற்றவைத்த இடம் என நாலு இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். கொக்கியில் மட்டும் 916 முத்திரை இருந்தால் அது பிற்பாடு மாற்றியதாக இருக்கலாம். சுடுதண்ணீரில் கழுவித் தரக் கடைக்காரரை விடாதீர்கள், அரக்கு இளகிக் கல் உதிரும்.

சட்டம் இதில் சுருக்கமானது. உயில் இல்லை, பெற்றோரும் துணைவரும் இல்லை, முஸ்லிம் அல்லாத குடும்பம் என்றால், மலேசியாவின் 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படி பிள்ளைகளுக்குச் சம பங்கு. மகன், மகள் வித்தியாசம் கிடையாது. "அவளுக்குச் சீர் செஞ்சாச்சு" என்பது கூடத்துப் பேச்சு.

வெட்டிப் பங்கு போடுவதை விட மூடிய உறை முறை மேல். ஒவ்வொருவரும் தான் தரத் தயாரான விலையை எழுதி உறையில் போடணும். தங்க மதிப்புக்குக் கீழே எழுதக்கூடாது. மூன்று பேரில் அதிகம் எழுதியது 24,000 வெள்ளி என்றால், அவர் நகையை எடுத்துக்கொண்டு மற்ற இருவருக்கும் தலா 8,000 தருவார். வசதி உள்ளவரே ஜெயிப்பார் என்ற குறை இதில் உண்டு. தவணையில் கட்டலாம் என்று உறை பிரிக்கும் முன்பே எழுதிவிட்டால் அது பாதி தீரும்.

தைப்பூசத்துக்குத் தைப்பூசம் கைமாற்றுவதாகச் சிலர் முடிவெடுப்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் லாக்கர் ஒருவர் பெயரில் இருந்து அவர் இறந்தால், நகை அவருடைய சொத்தோடு முடங்கிவிடும். படம், எடை, கல் எண்ணிக்கை, உரிமை யாருடையது என்பதை ஒரே தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று லாக்கருக்கு வெளியே இருக்கட்டும்.